சார்ஜென்ட் யார்க் கேட்ட மரியாதை



போர்வீரர் ஒருவருக்கு மரியாதை செய்வது எப்படி என்று பேசும்படி எங்களைக் கேட்டார்கள். மாலை போடுகிறோம், சால்வை போர்த்துகிறோம். அதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. வேறு விதமான மரியாதையைக் கேட்ட ஒருவரை இன்று நினைத்துக்கொள்வோம். அவர் அமெரிக்காவின் டென்னசி மலைப்பகுதியில் 1887-ல் பிறந்த ஆல்வின் யார்க்.

பதினொரு பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம். வயலிலும் தகப்பனாரின் கொல்லுப்பட்டறையிலும் வேலை. பள்ளிக்கூடம் போனதோ மொத்தம் ஒன்பது மாதம். குடியும் சூதாட்டமுமாய்த் திரிந்தவர், பின்பு மனந்திரும்பிச் சபையில் சேர்ந்தார். 1917-ல் பட்டாளத்துக்கு அழைப்பு வந்தபோது, கொல்லக்கூடாது என்ற கட்டளைக்கு என்ன பதில் சொல்வது என்று கலங்கினார். மேலதிகாரிகள் அவரை அதட்டவில்லை. வேதத்தை வைத்தே அவரோடு பேசினார்கள். விடுப்புக் கொடுத்து ஊருக்கும் அனுப்பினார்கள். மலையில் தனித்திருந்து ஜெபித்த பிறகுதான் அவர் திரும்பிவந்தார்.

1918 அக்டோபர் 8-ந் தேதி, பிரான்சின் ஆர்கோன் காட்டில் 17 பேர் கொண்ட குழுவோடு சென்றார். இயந்திரத் துப்பாக்கிகளுக்கு அவர்களில் ஆறு பேர் பலியானார்கள். யார்க் தளராமல் எதிர்த்து நின்று, மீதியிருந்த சிலரோடு சேர்ந்து 132 ஜெர்மானியரைக் கைதிகளாக அழைத்துவந்தார். மறுநாள் காலை அனுமதி பெற்று அதே இடத்துக்குப் போய், காயப்பட்டு யாராவது உயிரோடு கிடக்கிறார்களா என்று தேடினார். ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்கிற எங்களுக்கு 132 என்ற கணக்கைவிட இதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தோடு 1919-ல் ஊர் திரும்பினார். விளம்பரங்களுக்குப் பெயரைக் கொடுத்தால் பணம் தருவதாகப் பலர் வந்தார்கள், மறுத்துவிட்டார். சிலர் சேர்ந்து பண்ணை ஒன்றைப் பரிசாக அறிவித்தார்கள். முழுப் பணம் சேராததால் மீதிக் கடன் அவர் தலையிலேயே விழுந்தது! மேடையில் வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று நமக்கும் தெரியும் அல்லவா?

அவர் கேட்டது ஒன்றுதான். தமக்குக் கிடைக்காத படிப்பு மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும். எழுத்தோடு விவசாயமும் கைத்தொழிலும் கற்று, அவர்கள் தங்கள் ஊரிலேயே தலைநிமிர்ந்து வாழவேண்டும். இதற்காக ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். 1926-ல் ஜேம்ஸ்டவுனில் அவருடைய விவசாயப் பள்ளி உருவாயிற்று. பணம் போதாத நாட்களில் தம் பண்ணையையே அடமானம் வைத்தார். 1937-ல் மாநில அரசு பள்ளியை ஏற்றுக்கொண்டது.

பல ஆண்டுகள் மறுத்துவந்த திரைப்படத்துக்குக் கடைசியில் சம்மதித்தது, வேதாகமப் பள்ளி ஒன்று கட்டலாம் என்ற ஆசையால். 1941-ல் வந்த அந்தப் படத்தின் வருமானம் வரித் தகராறில் போய் முடிந்தது. 1954-ல் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. முன்பின் அறியாதவர்கள் அனுப்பிய நன்கொடைகளால் 1961-ல் அந்தக் கடன் தீர்ந்தது. 1964-ல், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் கண்ணை மூடினார்.

ஜேம்ஸ்டவுன் பள்ளி இன்றும் நடக்கிறது. பிள்ளைகள் கற்றுக்கொள்ள அதற்குச் சொந்தப் பண்ணையும் உண்டு.