வாக்குச்சீட்டும் வளாகமும்

(பதுளையில் மலையக மாணவர் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



மாணவர் ஒன்றியத் தேர்தல்களும் மலையக மாணவரும் என்னும் பொருள் பற்றிப் பேச என்னைப் பணித்திருக்கிறீர்கள். மண்டபத்துள் நுழைகையில் பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, பிள்ளைகள் படிக்கப் போயிருக்கிறார்கள், அவர்களுக்குத் தேர்தல் எதற்கு? எங்கள் தோட்டத்துக்கு வந்த தேர்தல்கள் போதாதா?" என்று கேட்டார். நகைப்புக்காகக் கேட்டதன்று. பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தந்தையின் கேள்வி அது. அவருக்கு விடை கூறாமல் மாணவர்க்கு அறிவுரை கூற நான் துணியமாட்டேன்.

பெரியவரே, தேர்தல் எதற்கு என்று கேட்கும் உரிமை இந்நாட்டில் யாருக்கேனும் உண்டென்றால் அது உங்களுக்குத்தான் உண்டு. வாக்கை இழந்தால் என்ன ஆகும் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? 1931ஆம் ஆண்டிலேயே சர்வசன வாக்குரிமை கண்ட நாடு இது. ஆனால் 1937இல் கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்கு அங்கே வாக்கு இல்லை என்றார்கள். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு உறுப்பினர்கள் பாராளுமன்றம் புகுந்தார்கள். கொழுந்து பறித்த கரங்கள் அனுப்பிய உறுப்பினர்கள்! அடுத்த ஆண்டே, 1948இல், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் வந்தது. குடியுரிமை போயிற்று, அதன் பின்னே வாக்கும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த எழுவரின் இடத்தில் ஒருவர்கூட இல்லை. 1977இல் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் அவர்கள் வெற்றி பெறும்வரை, தேர்தல் வழியாக ஒரு தோட்டத் தொழிலாளர் பிரதிநிதி பாராளுமன்றம் செல்ல இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இடையில் 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அந்தப் பக்கம், மூன்று இலட்சம் பேர் இந்தப் பக்கம், மிகுதிப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று, தேயிலைப் பெட்டிகளை எண்ணுவது போல மனிதரை எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவர்களிடம் வாக்கு இல்லையே! நாடற்றோர் என்ற சொல் சட்டப்புத்தகத்திலிருந்து நீங்க 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வரவேண்டியிருந்தன. பிரதேச சபைகள் தோட்டத்துப் பாதைக்கும் படிக்கும் பணம் செலவிடத் தடையாயிருந்த சட்டப் பிரிவு திருத்தப்பட்டதோ 2018இல்தான்.

இவ்வளவையும் ஏன் சொல்லுகிறேன்? மாணவர் ஒன்றியத் தேர்தலில் வாக்களிக்க எவரும் உங்கள் பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதில்லை. மாணவனாயிருத்தல் ஒன்றே போதும். மூன்று தலைமுறை மறுக்கப்பட்ட பொருள் நான்காம் தலைமுறையின் கையில் கேளாமலே வந்து கிடக்கிறது. அதை எடுத்துப் பாராமலே மேசையின்மீது வைத்துவிட்டு வருகிறார்களாம் நம் பிள்ளைகள். என் மனக்குறை இதுதான்.

தோழர்களே, தேர்தல் என்பது படித்தவர்கள் நமக்குக் கொண்டுவந்து கொடுத்த பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஊவா மண்ணிலே அதற்கு வேறு வரலாறு உண்டு. 1939 பிற்பகுதியிலும் 1940லும் மலைநாடெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தது. முல்லோயாவில் கோவிந்தன் என்னும் தொழிலாளி துப்பாக்கிக் குண்டுக்கு இரையானது அந்த 1940 சனவரியில். அதே ஆண்டில், இங்கே நம் பதுளைப் பக்கத்து வெவஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் என்ன செய்தார்கள் தெரியுமா? தமக்குள் வாக்கெடுத்து ஒரு தொழிலாளர் சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்துவதாகத் துரை ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது! கங்காணியின் நிழலிலே கைகட்டி நின்றவர்கள் எனக் கருதப்பட்ட மக்கள், ஆயுதம் தாங்கி வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் பறித்துவிட்டார்கள். பிறகு அடக்குமுறை வந்தது. பெருவெள்ளமும் வந்து ஒரு வாரத்துக்கு மேலாக ஊவாவை நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டித்தது. இயக்கம் ஒடுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டது உண்மை, ஆனால், எங்களைப் பாதிக்கும் முடிவை எங்களைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று அவர்கள் கூறியதும் உண்மை. உலகத்துப் பல்கலைக்கழகங்களில் மாணவர் மன்றங்கள் எந்தக் கோட்பாட்டின்மீது நிற்கின்றனவோ, அந்தக் கோட்பாட்டை எழுத்தறியாத மக்கள் வெவஸ்ஸவில் நடத்திக் காட்டினார்கள்.

இன்று பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியிலே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிற்கிறது. 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1818இல் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த ஊவா – வெல்லஸ்ஸவின் பெயரைத் தாங்கி நிற்பது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. கொழுந்து எப்படி வாடவேண்டும், எப்படி அரையவேண்டும், எந்த அளவில் புளிக்கவேண்டும் என்பதையெல்லாம் ஆங்கிலத்திலே படித்துப் பட்டம் பெறலாம். அதே தேயிலையின் அடியிலே நூற்றைம்பது ஆண்டுகளாய் நின்றவர்களின் பிள்ளைகள் அந்த வகுப்பிலே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள் என நான் சொல்லமாட்டேன். எண்ணவேண்டியது உங்கள் வேலை. மாணவர் பேரவலம் என்று புலம்பவும் நான் வரவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. ஆனால் மாவட்டத்துக்கு வரும் இடம் தோட்டத்துக்கு வந்து சேருகிறதா? 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை வெளியே நின்றது. எழுபதுகளில் அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை வெளியேதான் நின்றது. அந்த இடைவெளியை ஒரு தலைமுறையில் அடைத்துவிட எவராலும் முடியாது.

சரி, மாணவர் ஒன்றியத்தால் என்ன ஆகும்? வெறும் கோஷமும் கொடியும்தானே என்பவர்க்கு ஒன்று சொல்வேன். 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி ஒவ்வொரு பீடச் சபையிலும் மாணவர் தம்முள் தேர்ந்தெடுத்த இருவர் அமர்கின்றனர். இரண்டே இடம். பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவையிலோ மாணவர்க்கு ஆசனமே இல்லை. தென்னமெரிக்காவிலே ஆர்ஜென்டீனா நாட்டில் கோர்டோபா என்னும் நகரம். அந்நகரத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் 1918ஆம் ஆண்டு கிளர்ந்தெழுந்து, ஆளும் சபையிலேயே எங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். அக்கண்டம் முழுவதும் அது பரவிற்று. நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் பெற்றதை நாம் இன்னும் கேட்கவேயில்லை. கேட்காவிட்டாலும் கிடக்கட்டும், இருக்கிற இரண்டு இடத்தை நாம் என்ன செய்கிறோம்?

இனி, நம் பிள்ளைகள் என்னிடம் சொல்வதைச் சொல்கிறேன். எந்த வளாகம் என்று கேளாதீர்கள். பெயர் சொல்லிப் பிள்ளைகளைத் தொல்லைக்கு ஆளாக்க நான் விரும்பவில்லை. மூத்த மாணவர் கூடி ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள். எதிர்ப் பட்டியல் இருப்பதில்லை. அல்லது இருக்க விடுவதில்லை. முதலாண்டு மாணவன் பகிடிவதைக்கு அஞ்சியிருக்கும் வேளையிலே தேர்தல் வருகிறது. யாருக்குப் புள்ளடி இடவேண்டும் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. அவனும் இடுகிறான். பகிடிவதையைக் குற்றமாக்கிய சட்டம் 1998இலேயே நிறைவேறியது. ஆனால், விடுதி அறைக்குள்ளே சட்டப்புத்தகம் தானாக நடந்து வருவதில்லை. பகிடிவதையை ஒழிக்கவேண்டிய ஒன்றியமே பகிடிவதையின் பயத்தில் வாக்குப் பெறுமானால், அந்த ஒன்றியம் யாருக்காகப் பேசும்?

தோட்டத்துப் பிள்ளைக்கோ இன்னொரு அச்சமும் கூட உண்டு. தாய் நாட்கூலி பெறுகிறாள். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக உயர்த்தப்படுவதற்கே எத்தனை போராட்டம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபாயாக இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 7500 ஆயிற்று. இவ்விரண்டையும் கூட்டிக் கழித்துப் படிப்பவனுக்கு, ஒரு வகுப்புத்தடை வந்தால் வீடே இடிந்துபோகும். ஆகவே ஒதுங்குகிறான். ஒதுங்குவதைக் கோழைத்தனம் என்று மேடையிலே நின்று பழிப்பது எளிது. நான் பழிக்கமாட்டேன். ஆனால் ஒதுங்கியவனுக்காக ஒருவரும் மகாபொல தாமதமானதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை என்பதை மட்டும் சொல்வேன். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இலேயே கூறிவிட்டது. விடுதி அறிவித்தற்பலகை அதனை இன்னும் படிக்கவில்லையென்றால் யார் போய்ப் படித்துக் காட்டுவது?

இவ்விடத்திலே சில தம்பியர் சூடாக ஒரு யோசனை கூறுகிறார்கள். நாம் தனிப் பட்டியல் போடுவோம், நம் இனத்து வாக்கை நாமே திரட்டுவோம் என்கிறார்கள். அவர்களுடைய உணர்ச்சியை மதிக்கிறேன், யோசனையை ஏற்கமாட்டேன். எண்ணிக்கையிலே நூற்றுக்குச் சிலராய் இருக்கும் நாம் தனிப் பட்டியல் போட்டால், தேர்தல் முடிந்ததும் எஞ்சுவது தோல்வி மாத்திரமன்று. நம்மோடு நிற்கக்கூடிய சிங்கள மாணவனும் முசுலிம் மாணவனும் மறுபுறம் போய் நிற்பார்கள். மொனராகலையில் சேனை வெட்டும் உழவனின் மகன் நம்மைப் போலவே மகாபொலவை நம்பித்தான் வந்திருக்கிறான். அவனையும் சேர்த்துக்கொண்டு பொதுப் பட்டியலிலே இடம் கேளுங்கள். தரமறுத்தால், பொதுக் கோரிக்கைகளோடு, பல இனத்தவரும் உள்ள மாற்றுப் பட்டியல் போடுங்கள். பதுளை மாவட்ட வரலாறே இதற்குச் சான்று. 2015இல் வடிவேல் சுரேசும் அரவிந்தகுமாரும், 2024இல் அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் இம்மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றது பொதுப் பட்டியல்களின் வழியாகத்தான். எந்தக் கட்சி நல்லது என்பது இன்றைய பேச்சன்று. வாக்குகள் எப்படிச் சேர்கின்றன என்பதை மட்டும் பாருங்கள்.

மாணவர் தேர்தலிலே வெளிக்கட்சிகள் புகுந்து கெடுத்துவிடும் என்று பேராசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதிலே பொருளுண்டு. இந்தியாவிலே இதற்கென்றே லிங்டோ குழு அமைந்தது. 2006இல் அதன் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒரு வேட்பாளர் 5000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே கூடும் என்று விதித்தார்கள். பணம் படைத்தவன் வெல்லும் தேர்தலிலே ஏழை மாணவன் நிற்க இது நல்ல வழி. நம் பல்கலைக்கழகங்களும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆனால் கட்சி நுழையும் என்றஞ்சித் தேர்தலையே நிறுத்திவிட்டால் என்ன நேரும்? வங்காள தேசத்தைப் பாருங்கள். டாக்காப் பல்கலைக்கழக மாணவர் மன்றத்துக்கு 1990க்குப் பின்னர் 2019இல்தான் தேர்தல் நடந்தது. அவ்வளவு காலமும் அங்கே அரசியல் இல்லாமல் இருந்ததா? ஆளுங்கட்சியின் மாணவர் பிரிவுகள் விடுதிகளை ஆண்டன! 2024ஆம் ஆண்டு மாணவர் எழுச்சி ஆட்சியையே கவிழ்த்த பின், 2025 செப்டெம்பரில் மறுபடி அங்கே வாக்குப்பெட்டி வைத்தார்கள். பெட்டி இல்லாத வளாகத்திலே தடி ஆளும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தங்கையரிடம் தனியாக ஒன்று கேட்கவேண்டும். தோட்டத்திலே ஆண்களுக்கு ஒரு தலைவர் உண்டு. மாதர் தலைவியும் உண்டு. கொழுந்து நிறுக்குமிடத்திலே தராசு தவறினால் முதலிற் குரல் கொடுப்பவள் அந்த மாதர் தலைவிதான். அவளுடைய மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் ஏன் கடைசி வரிசையில் உட்காருகிறாள்? விடுதியிலே தண்ணீர் வருவதில்லை, இருட்டிலே நடைபாதைக்கு விளக்கில்லை என்பவை யாருடைய துன்பங்கள்? செயலாளர் பதவிக்கு நில்லுங்கள், அம்மா! பொருளாளர் பதவிக்கு நில்லுங்கள். ஆண் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை எல்லோரும் அறிவார்கள்.

பெரியவரே, உங்களுக்கு என் விடை இது. பிள்ளை படிக்கத்தான் போயிருக்கிறான். பட்டத்தோடு திரும்பி வரும்போது, கூட்டத்திலே எழுந்து நின்று மாற்றுக் கருத்தைச் சொல்லவும், தோற்றால் வென்றவனோடு கைகுலுக்கவும், வென்றால் கணக்குக் காட்டவும் பழகி வரட்டுமே. உங்கள் தோட்டக் கமிட்டிக்குச் சந்தாக் கணக்கைக் கேட்டபோது எத்தனை ஆண்டு விடை கிடைக்கவில்லை என்று சற்று முன் நீங்களே சொன்னீர்கள். அதைக் கேட்கத் தெரிந்த பிள்ளை உங்களுக்கு வேண்டாமா?

வேட்புமனு பற்றிச் சிலர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் ஒன்றியத்தின் யாப்பை முதலில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மாணவர் நலப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். முன்மொழிபவரையும் வழிமொழிபவரையும் கடைசி நாளில் தேடாதீர்கள். எண்ணும் இடத்திலே உங்கள் பக்கத்து ஒருவர் நிற்கவேண்டும் என்பதை மறவாதீர்கள். மடுல்சீமைப் பக்கம் போகவேண்டிய பிள்ளைகளுக்குக் கடைசிப் பேருந்தின் நேரம் நெருங்குகிறது என்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார். மற்றத் துண்டுச்சீட்டுகளுக்கு, பேருந்தைப் பிடிக்கவேண்டாதவர்களோடு இங்கேயே உட்கார்ந்து விடை சொல்கிறேன்.