அலமாரியில் உறங்கிய கணினி

மன்னார்த் தீவில் இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. சோளகக் காற்று எழுந்துவிட்டால் கதவின் கீலும் சைக்கிளின் கம்பியும் பாடசாலை மணியின் நாக்கும் ஒருங்கே துருவேறத் தொடங்கும். கரையோரத்திலே 30 காற்றாலைகளை நிறுத்தி மின்சாரம் எடுக்கும் அளவுக்கு வலிய காற்று அது. வரும்போது உப்பையும் கூடவே சுமந்து வருகின்றது. ஆகவே, எங்கள் பாடசாலை அலுவலக அலமாரியில் நான்கு மடிக்கணினிகள் ஆண்டுக்கணக்கிற் கிடந்து பழுதாகிவிட்டன என்று எல்லோரும் எண்ணியதில் வியப்பில்லை. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பொருட்பதிவேட்டில் அவற்றின் பெயருக்கு எதிரே ‘பாவனைக்கு உதவாதவை’ என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தேன்.

அக்கையொப்பத்தை நான் திரும்பப் பெற நேர்ந்த கதையையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய மாணவி ஒருத்தி ஒரு பிற்பகல் என்னிடம் வந்தாள். கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை இப்பொழுது இணையத்தின் வழியே நிரப்புதல் வேண்டும். வீட்டில் உள்ளது ஒரே கைத்தொலைபேசி. அது தந்தையாருடன் கடலுக்குப் போய்விடும். அவர் கரையேறும் வேளையில் இவளுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், உள்ளங்கையளவு திரையிலே தடித்த கைந்நூலைப் படித்து, எந்தக் கற்கைநெறியை முதலாவதாகவும் எதனை இரண்டாவதாகவும் கேட்பது என்று நிரலிட வேண்டும். அந்நிரலிலே ஓரிடம் மாறினால் வாழ்க்கையின் திசை மாறும். “சேர், பெரிய திரையில ஒருக்கா ஆறுதலாப் பாக்க ஏலுமெண்டா நல்லம்” என்றாள். முடிவுத் திகதிக்கு ஒன்பது நாட்கள் இருந்தன.

அலுவலகக் கணினியோ அந்த வாரம் பழுதுபார்க்கப் போயிருந்தது. அலமாரியைத் திறந்தேன். நான்கில் ஒன்று மின்சாரம் கொடுத்தவுடன் உயிர்பெற்றது. அதன் பற்றரி இறந்துவிட்டபடியால் சுவர் மின்சாரத்திலேயே ஓடும், ஓடினாற் போதும். ஆனால், இணையத்தோடு இணைய மறுத்தது. நகரிலே பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் அதனைத் திறந்தும் பாராமல், “இதுக்குச் செலவழிக்கிற காசுக்குப் புதுசு வாங்கலாம், ஐயா” என்றார். புதியது ஒன்று ஆசிரியர் ஒருவரின் இரண்டு மூன்று மாதச் சம்பளம். அதைச் சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்டது அரை நிமிடம்.

நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்றவன். மின்காந்த அலையைப் பற்றி என் அறிவு, வானொலிப் பெட்டியின் திருகியைத் திருப்பும் அளவிலேயே நின்றுவிட்டது. ஆனால் வரலாறு கற்றவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. பழையது என்று ஒதுக்கப்பட்ட பொருள்கள் பிற்காலத்தில் என்ன செய்தன என்பதை அவன் படித்திருப்பான். இலங்கையில் வானொலி பிறந்த கதையே அதற்குச் சான்று. 1923ஆம் ஆண்டிலே கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து, தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் இசைத்தட்டுச் சங்கீதத்தைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார்கள். அந்த ஒலிபரப்பியை அவர்கள் புதிதாக வாங்கவில்லை. முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு தாமே அமைத்தார்கள். 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்பு தொடங்கிற்று. இந்நிலையத்தின் மூதாதை, எதிரியின் கப்பலிலிருந்து கழற்றிய பழம்பொருள் என்றால், எங்கள் அலமாரிக் கணினியைப் பற்றி நான் ஏன் நம்பிக்கை இழக்க வேண்டும்?

எங்கள் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் இளம் ஆசிரியரை அழைத்தேன். அவரும் அம்மாணவியும் நானுமாக மாலை நேரங்களில் அமர்ந்தோம்.

முதல் அரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் கூறப்போவதில்லை, வெட்கமாக இருக்கின்றது. பழைய மடிக்கணினிகள் பலவற்றின் விளிம்பிலே, கம்பியில்லாத் தொடர்பைத் திறக்கவும் மூடவும் நகத்தளவான ஆளி ஒன்று உண்டு. அது மூடியிருந்தது. உப்புப் பொருக்கு அதனை மறைத்திருந்தது. பழைய பற்தூரிகையாற் சுரண்டி நகர்த்தியதும் சிறு நீல விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்தது, இணையம் வரவில்லை. அக்கம் பக்கத்து வீடுகள் சிலவற்றின் இணைப்புகளின் பெயர்கள் திரையில் வந்தன. எங்கள் பாடசாலை இணைப்பின் பெயர் மட்டும் வரவில்லை. அதே மேசையில் இருந்த ஆசிரியரின் தொலைபேசியிலோ அப்பெயர் தெளிவாக நின்றது. இஃது என்ன மாயம்?

விடை, நேயர்களுக்கு நன்கு பழக்கமான ஒன்றிலேயே இருக்கின்றது. வானொலியில் மத்திய அலை, சிற்றலை என்று பிரிவுகள் இருப்பதுபோல, வைஃபை எனப்படும் இக்கம்பியில்லா இணையத்திலும் அலைவரிசைப் பிரிவுகள் உண்டு. பழையது 2.4 கிகாஹேர்ட்ஸ், அதற்குப் பின்னர் பரவலானது 5 கிகாஹேர்ட்ஸ். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட மலிவான கணினிகள் பலவும் முதலாவதை மட்டுமே கேட்கும் செவியுடையவை. மத்திய அலை மட்டும் எடுக்கும் பெட்டியில் பண்பலை நிலையத்தைத் தேடினாற் கிடைக்குமா? எங்கள் ரௌட்டர், அதாவது இணையத்தைப் பெற்று அறைக்குள் அலையாகப் பரப்பும் பெட்டி, 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பும்படி யாராலோ அமைக்கப்பட்டிருந்தது. விரைவு கருதி அவ்வாறு செய்திருப்பார்கள். குறை சொல்லேன். ஆனால் விரைவு மிக்க அந்த அலை சுவர்களை ஊடுருவுவதில் சற்றே சோம்பல் உடையது. மந்தமான பழைய அலையோ இரண்டு சுவர் தாண்டியும் வந்து சேரும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்திற் புகுந்து பழைய பிரிவையும் திறந்து, அதற்கெனத் தனிப் பெயர் இட்டோம். மறுகணமே அப்பெயர் பழைய கணினியின் திரையில் வந்து நின்றது.

இங்கே ஓர் இடைச்சொல். இந்த அலைகளை அனுப்பும் பெட்டியின் வலு ஏறத்தாழ ஒரு வாற்றின் பத்திலொரு பங்கு மாத்திரமே. வானொலி நிலையங்களின் ஒலிபரப்பிகளோ ஆயிரக்கணக்கான வாற்று வலுவுடையவை. அத்துணைச் சிறு வலுவில், பல கருவிகள் ஒரே அலையிற் பேசியும் ஒன்றையொன்று குழப்பாதிருக்கும் வித்தைக்கு வழிகாட்டியவர்களும் தீவினரே. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்பார் தலைமையில் அமைந்த அலோஹா வலையமைப்பு, கடலாற் பிரிந்த தீவுகளிலுள்ளோர் ஒரு கணினியைப் பயன்படுத்துதற்பொருட்டு 1971ஆம் ஆண்டிலே வானொலி அலையால் இணைப்புக் கொடுத்தது. யாரும் முறை கேட்டு நிற்பதில்லை. பேச வேண்டியவர் பேசுவார். இருவர் சொல் மோதி அழிந்தால், ஒவ்வொருவரும் சற்று நேரம் பொறுத்து மீண்டும் சொல்வார். எங்கள் மீன் ஏலத்திலும் இம்முறையே நடக்கின்றது, பொறுத்தல் ஒன்றைத் தவிர.

பெயர் வந்தது, கடவுச்சொல்லைக் கொடுத்தோம், கணினி ஏற்கவில்லை. சொல் சரி; பூட்டுத்தான் புதிது. 1997இல் வந்த முதற் பூட்டு எளிதில் உடைபடுவது என்பது சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது. 2004இல் டபிள்யூ.பீ.ஏ. 2 என்ற வலிய பூட்டும், 2018இல் அதனினும் வலிய மூன்றாவதும் வந்தன. எங்கள் ரௌட்டர் மூன்றாவதை மட்டும் கேட்டது. பழைய கணினி இரண்டாவது வரையே அறியும். இரண்டையும் ஏற்கும்படி ரௌட்டரை மாற்றினோம். இவ்விடத்திற் பொறுமையிழந்து பூட்டையே கழற்றிவிடுவோர் உளர்; முதற் பூட்டுக்குத் திரும்புவோரும் உளர். இரண்டும் தவறு. பிள்ளைகளின் அடையாள அட்டை இலக்கமும் பரீட்சைச் சுட்டிலக்கமும் போகும் வழி அது.

இணைந்துவிட்டோம் என்று மகிழ்ந்தோம். ஆனால், எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் ‘இது பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கையே வந்தது. ஆசிரியர் ரௌட்டரை அணைத்து ஏற்றினார். கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தார். இரண்டு மாலைகள் அவ்வாறே கழிந்தன. மூன்றாம் நாள், அருகில் அமர்ந்திருந்த அம்மாணவி திரையின் மூலையைச் சுட்டி, “சேர், இது இன்னும் 2009இலேயே நிக்குது” என்றாள்.

நோக்கினோம். 2009 ஜனவரி 1 என்று இருந்தது. கணினியின் உள்ளே நாணயம் போன்ற சிறு பற்றரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத காலத்திலும் நாளையும் நேரத்தையும் மறவாதிருக்கச் செய்வது அது. அலமாரியிற் கிடந்த காலத்தில் அஃது இறந்துபோக, ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கணினி தன் தொழிற்சாலை இட்ட முதல் நாளுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்த இளம் ஆசிரியர் சற்று நேரம் பேசாதிருந்தார். அவ்வாண்டின் ஜனவரியில் அவர் பாடசாலை மாணவன். எங்கே இருந்தார் என்று நான் கேட்டதில்லை. வன்னியை அடுத்து வாழும் எங்களில், அந்த மாதத்துக்குத் திரும்பிப் போக விரும்புவார் எவருமிலர்.

திகதிக்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். இணையத்திலுள்ள ஒவ்வோர் இடமும், ‘நான் உண்மையானவனே’ என்பதற்கு ஒரு சான்றிதழைக் காட்டும். அதிலே தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கடலுக்குப் போவதற்கு அனுமதிச் சீட்டுக் காட்டி நின்ற காலத்தை அறிந்த எங்கள் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நாளைய திகதியிட்ட சீட்டை இன்று எவரும் ஏற்கமாட்டார். 2009இல் வாழும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் யாவும் இன்னும் பிறவாத நாளில் எழுதப்பட்டவை. ஆகவே எல்லோரையும் பொய்யர் என்று கண்டது. திகதியைத் திருத்தினோம். பாதி உலகம் திறந்தது. அன்றிரவே நகரில் அந்த நாணயப் பற்றரியை வாங்கினேன். மடிக்கணினிக்கு வாங்கும் பொருளிலே அதனினும் மலிவானது இல்லை எனலாம்.

மீதிப் பாதி திறவாமைக்குக் காரணம், அதனை இயக்கிய விண்டோஸ் 7. அதற்கான பொதுப் பாதுகாப்பு உதவி 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அதிலிருந்த பழைய உலாவிக்கு இன்றைய இரகசியக் குறிமுறைகள் தெரியா. 2021 செப்டெம்பர் 30இல் பலரும் நம்பியிருந்த மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் உலகெங்கும் இவ்வாறே வழியற்று நின்றன. லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை ஆசிரியர் தம் வீட்டில் இரவு நேரத் தரவைக் கொண்டு இறக்கி, பென் டிரைவில் இட்டுக் கொண்டுவந்தார். பழைய கோப்புகளைப் பிரதி எடுத்தபின் அதனை நிறுவினோம். நிறுவியதும் வைஃபை மறுபடியும் மறைந்தது! அதனுள்ளிருந்த வைஃபை அட்டைக்கு வேண்டிய சிறு மென்பொருளைத் தனியே இறக்க வேண்டுமாம். இணையம் வேண்டுமெனில் அம்மென்பொருள் வேண்டும். அம்மென்பொருள் வேண்டுமெனில் இணையம் வேண்டும். ஆசிரியர் சிரித்துக்கொண்டு தம் தொலைபேசியை மின்னேற்றும் கம்பியாற் கணினியோடு பொருத்தி, அதன் வழியே அந்தச் சிறு பொருளை வருவித்தார். கம்பியில்லாததை எழுப்பக் கம்பியே உதவிற்று.

1999ஆம் ஆண்டிலே கொத்மலைச் சமுதாய வானொலி இணைய இணைப்பைப் பெற்றபோது, கணினியைக் கண்டிராத கிராமத்தவர் கேள்விகளை எழுதி அனுப்ப, நிலையத்தார் விடையை இணையத்திலே தேடி ஒலிபரப்பினார்கள். ஒரு நிலையம் ஒரு பள்ளத்தாக்குக்குப் போதுமாயிருந்தது. இதனை நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, அம்மாணவி கைந்நூலைப் பெரிய திரையிலே விரித்து வைத்து, கொப்பியில் நிரலிட்டு அழித்து மீண்டும் நிரலிட்டுக்கொண்டிருந்தாள். முதலில் எழுதியிருந்த நிரலில் ஐந்தாவதாக இருந்த கற்கைநெறி முதலாவதாக ஏறிற்று. ‘இதுக்கு நான் படிச்ச பாடங்கள் காணுமெண்டு அந்தச் சின்னத் திரையில தெரியேல்ல, சேர்’ என்றாள்.

முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னதாக விண்ணப்பம் போயிற்று. அடுத்த நாள் அவளுடன் பயின்ற மூவர் வந்தனர். ஒருவன் தலைமன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தான்.

பொருட்பதிவேட்டிலே அந்த ஒன்றுக்கு மட்டும் கோடிட்டு, ‘பாவனையில் உள்ளது’ என்று எழுதித் திகதியிட்டேன். மற்ற மூன்றில் ஒன்றின் திரை உடைந்திருக்கின்றது; அதிலிருந்த நினைவகத்தைக் கழற்றி, ஓடும் கணினியிற் சேர்த்துவிட்டோம். எஞ்சிய இரண்டும் இன்னும் விழிக்கவில்லை. மின் செருகும் துவாரத்தில் உப்பு ஏறியிருக்கின்றது என்கிறார் ஆசிரியர். சனிக்கிழமை காலையில் பற்தூரிகையோடு வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.