தந்தி எழுதியவர் வரலாறு எழுதினார்



1946, பிப்ரவரி மாதம். மாஸ்கோவில் கடுங்குளிர். அமெரிக்கத் தூதரகத்தின் பொறுப்பில் இருந்தவர் காய்ச்சல், சளி, பல்வலி என்று படுத்துக்கிடக்கிறார். படுத்தபடியே அவர் சொல்லச் சொல்ல, செயலாளர் எழுதிக்கொள்கிறார். வாஷிங்டனுக்குப் போன அந்தத் தந்தியில் ஐயாயிரம் சொற்களுக்கு மேல்! 'நீண்ட தந்தி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சோவியத் நாட்டை அமெரிக்கா பார்த்த பார்வையையே அது மாற்றியது.

அவர்தான் ஜார்ஜ் கென்னன். 1952-இல் அதே மாஸ்கோவுக்குத் தூதராகப் போனார். அங்குள்ள வாழ்க்கையை நாஜி ஜெர்மனியில் தாம் காவலில் இருந்த நாட்களோடு ஒப்பிட்டு, பெர்லினில் பேசிவிட்டார். அவ்வளவுதான், 'இனி இங்கே வரவேண்டாம்' என்று சொல்லிவிட்டது சோவியத் அரசு. மறு ஆண்டே பணியிலிருந்து ஓய்வு.

அத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. ஐன்ஸ்டைன் பணியாற்றிய பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில், 1956-இல் வரலாற்றுப் பேராசிரியரானார். தந்தி எழுதிய அதே மனிதர், பழைய தந்திகளையும் கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரஷ்யப் புரட்சிக் காலத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றையொன்று எப்படித் தவறாகப் புரிந்துகொண்டன என்று ஒரு நூல் எழுதினார். அந்த நூலுக்கு 1957-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

2005-இல் மறைந்தபோது அவருக்கு வயது 101.

பதவி போகலாம் நேயர்களே, பட்டறிவு போகாது. அதை அடுத்த தலைமுறைக்குப் பாடமாக்கித் தருகிறவர்தான் நல்லாசிரியர்.