சம்பங்கி ஏரித் தோட்டங்கள்

பெங்களூரில் கண்டீரவா விளையாட்டரங்கத்தைக் காணாதவர் நம்மில் சிலரே. அவ்விடம் முன்னாளில் சம்பங்கி ஏரியாக இருந்தது. ஏரியைச் சூழ்ந்த தோட்டங்களைத் தந்தைக்குப் பின் மகனாகப் பேணி வந்தோர் திகளர் என்னும் குடியினர். தமிழகத்திலிருந்து நமக்குப் பல தலைமுறை முன்னரே வந்தவர்கள். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக் தோட்டம் தழைத்ததும் இவர்கள் உழைப்பினாலேயே என்பர். இவர்தம் தமிழில் கன்னடம் மிகக் கலந்திருக்கும். அதைக் குறை கூற நமக்கு வாயில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பேசுவதும் அதுதானே!

கீரையும் காய்கறியும் பூவும் நாள்தோறும் நீர் கேட்பவை. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் பாத்தி காயாது. நிலம் குடும்பத்தின் கையில் இருந்தது, நீரோ அவ்வாறில்லை. செங்கல் அறுப்போர் ஏரிப்படுகையைத் தோண்டினர். போலோ ஆடிய வெள்ளையர், ஏரிநீர் தம் திடலில் ஏறுவதாக முறையிட்டனர். தோட்டக்காரரும் அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். ஆயினும் 1896-இல் ஹெசரகட்டா நீர் குழாய்வழியே வந்தபின், குடிநீருக்கு இவ்வேரியை நம்பியிருந்தோர் அதை மறந்தனர். தோட்டக்காரர் தனித்து நின்றனர். பின்னர் ஏரி வற்றவைக்கப்பட்டு விளையாட்டுத் திடலாயிற்று. தோட்டங்கள் மனைகளாயின.

எஞ்சியது ஒரு சிறு குளம். சைத்திர மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் கரக விழாவில், திகளர்பேட்டைத் தர்மராயர் கோயிலைச் சேர்ந்த திகளர் இன்றும் அக்குளக்கரைக்கு வந்து பூசை செய்கின்றனர்.