சின்னத்திரைச் சித்திரங்களும் சின்னஞ்சிறு செல்வங்களும்

(பங்குப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி விழாவின் ஓர் அங்கமாகக் கூடியிருக்கும் இக்கூட்டத்தில், தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் படங்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மனத்தில் என்ன செய்கின்றன என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தார்கள். காலத்துக்கு ஏற்ற பொருள்தான். ஏனெனில் இன்று நம் தெருக்களில் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளின் சத்தத்தைவிடப் பெட்டியின் சத்தமே பெரிதாய்க் கேட்கிறது.

இந்தப் பெட்டி நம்மிடம் வந்த கதையை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். 1975 ஆகஸ்டு 15-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, அதன் அலை நம் நெல்லைச் சீமையை எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பின்னர், தென்கோடிக் கரையோர ஊர்களில் உயரமான ஆண்டெனாக்களை நட்டு அந்நாட்டு ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் உண்டு. பிற்காலத்தில் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசைக்கு நம் தாமிரபரணி பிறக்கும் மலையின் பெயரே சூட்டப்பட்டது. 'பொதிகை' என்ற அந்தப் பெயர் 2024 ஜனவரியில் 'டி.டி. தமிழ்' என்று மாறியது. 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. 2006 முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவை சென்று சேர்ந்தன. 2007-ல் சுட்டி டி.வி. தமிழிலேயே குழந்தைகளுக்கென்று தொடங்கப்பட்டது. ஆக, ஓலைக் குடிசைக்குள்ளும் கார்ட்டூன் நுழைவதற்கு இரண்டே ஆண்டுகள் போதுமாயிருந்தன. இப்போதோ அது கைப்பேசிக்குள் சுருங்கிக் குழந்தையின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது.

நிற்க. இதனால் விளைவதென்ன? மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, பார்த்துச் செய்தல். குழந்தை கேட்டுக் கற்பதைவிடப் பார்த்துக் கற்பதே அதிகம் என்பதை நாம் யாவரும் அறிவோம். அமெரிக்க உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1963-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பாலர் பள்ளிக் குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்தார். காற்றடைத்த பொம்மையொன்றை ஒருவர் அடித்து உதைப்பதை ஒரு குழு நேரில் கண்டது. ஒரு குழு திரைப்படத்தில் கண்டது. இன்னொரு குழு, பூனை வேடமிட்ட கார்ட்டூன் பாத்திரம் அதைச் செய்வதைத் திரையில் கண்டது. பின்னர் அதே பொம்மையோடு விடப்பட்டபோது, இதைக் காணாத பிள்ளைகளைவிட இம்மூன்று குழுவினருமே அதிகம் அடித்தார்கள். 'பூனைதானே, பொம்மைதானே' என்று நாம் நினைக்கிறோம். குழந்தை அப்படி நினைப்பதில்லை.

1940-ல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்டவை. தலையில் சுத்தியல் விழுந்தாலும் பூனை மறுகணமே எழுந்து ஓடும். பெரியவர்களுக்கு அது வேடிக்கை. மூன்று வயதுப் பிள்ளைக்கோ, அடித்தால் வலிக்கும் என்ற பாடம் அங்கே கிடைப்பதில்லை. 1997-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' சித்திரப் படமன்று. எனினும் அதைப் பார்த்த பிள்ளைகள், சக்திமான் வந்து காப்பார் என்று எண்ணித் தங்களுக்கே ஆபத்து விளைவித்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அச்செய்திகள் எவ்வளவு மெய் என்ற வாதம் ஒருபுறமிருக்க, சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றிப் பிள்ளைகளை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, பொறுமையும் கவனமும். 2011-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரில் ஒரு பிரிவினருக்கு மிக வேகமாக ஓடும் கார்ட்டூன் ஒன்றையும், மற்றொரு பிரிவினருக்கு நிதானமான கல்விப் படத்தையும் காட்டினார்கள். மூன்றாம் பிரிவினர் தாளில் படம் வரைந்தார்கள். எல்லாம் ஒன்பதே நிமிடந்தான். உடனே வைத்த சோதனைகளில், சொன்னதை நினைவில் வைத்துச் செய்வதிலும், ஆசைப்பட்ட பண்டத்துக்காகக் காத்திருப்பதிலும் முதற்பிரிவினர் பின்தங்கினார்கள். இது உடனடி விளைவைத்தான் காட்டுகிறது. வாழ்நாள் முழுதும் நீடிக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் ஓடுவது ஒன்பது நிமிடமா, மூன்று மணி நேரமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, பேச்சு. இதுவே நம் கவலைக்கு முதன்மையான காரணம். 'இரண்டரை வயதாகியும் பிள்ளை வாய் திறக்கவில்லை, சாமி' என்று சொல்லும் தாய்மார்கள் நம்மிடம் வருகிறார்கள். 2003-ல் பட்ரீசியா கூல் என்ற அறிஞர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார். ஒரு குழுவினரோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு முறை கதை சொல்லி விளையாடினார்கள். மறுகுழுவினர் அதே காரியங்களைத் தொலைக்காட்சியில் கண்டார்கள். நேரில் பழகிய குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. பெட்டியைப் பார்த்தவை எதையும் கற்கவில்லை. காரணம் யாது? குழந்தை 'ங்கா' என்றால் தாயும் 'ங்கா' என்கிறாள், சிரித்தால் சிரிக்கிறாள். பெட்டி பேசும், பதில் கேட்காது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பேச்சுத் தாமதமானால் தொலைக்காட்சியின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. செவிப்புலன் குறையும் காரணமாக இருக்கலாம். 1895-லேயே காது கேளாதோர்க்குப் பள்ளி கண்ட ஊர் நம் பாளையங்கோட்டை. காலந்தாழ்த்தாமல் குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கார்ட்டூன் முழுவதும் கேடு என்று நாம் சொல்ல வரவில்லை. 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்', ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கவென்றே திட்டமிட்டு எடுக்கப்பட்டது, பயனும் தந்தது. நம்மிடையே தமிழில் வந்த 'டோரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். டோராவும் புஜ்ஜியும் கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை பதில் சொல்லுமட்டும் காத்திருப்பார்கள். 'வாங்கம்மா, நாம் செல்லலாம்' என்று நெல்லைத் தமிழை விட்டு ஏட்டுத் தமிழில் பேசிய வாண்டுகளைக் கண்டு நாமும் சிரித்திருக்கிறோம். அயல் மொழியில் வந்தால் இதுவே மறுபுறம் திரும்பும். இந்தியில் ஒளிபரப்பான 'டோரேமான்' படத்தால் தங்கள் பிள்ளைகள் இந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று கவலைப்பட்ட வங்காள தேச அரசு, 2013-ல் அதனைத் தடை செய்தது. திரையின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, வீட்டு நிலைமைக்கு வருவோம். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் போலவே நம் ஊரிலும் பல தாய்மார்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, தவழும் பிள்ளையையும் பார்த்துக்கொள் என்றால் அவள் என்ன செய்வாள்? கார்ட்டூனைப் போட்டுவிட்டால் பிள்ளை அசையாமல் உட்காருகிறது; அன்றைய கணக்கு முடிகிறது. அந்தத் தாயை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டோம். சம்பளம் கொடுத்து ஆயா வைத்துக்கொள்ள வழியில்லாதவளுக்கு அந்தப் பெட்டிதான் ஆயா.

ஆனால் அம்மா, ஒன்று சொல்லுவோம். வேலை உன் கைகளுக்குத்தான். உன் வாய்க்கு வேலையில்லை. இலையை வெட்டும்போதும் சுற்றும்போதும் பிள்ளையோடு பேசலாமே! 'இது இலை, இது நூல், அதோ காக்கா' என்று சொல்லலாமே! உன் பிள்ளைக்குப் பேச்சு வருவதற்கு உன் குரலைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. அதற்கு ஒரு பைசாவும் ஆகாது. பீடிக் கணக்கும் குறையாது.

அப்பாமாருக்கும் நமக்குச் சொல்ல உண்டு. வீடு திரும்பியதும் பெட்டியின் முன்னோ கைப்பேசியின் முன்னோ அமர்ந்துகொண்டு, 'பிள்ளை எப்போதும் டி.வி. பார்க்கிறது' என்று மனைவியைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை. பண்டூராவின் பாடம் உங்களுக்கும் பொருந்தும். உங்களைப் பார்த்துத்தான் பிள்ளை கற்கிறது.

செய்யத்தக்கவை இவை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியபடி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதினும் குறைவாயின் நன்று. சோறூட்டும்போது பெட்டி அணைந்திருக்கட்டும். திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. பார்க்கும் ஒரு மணியிலும் பெரியவர் ஒருவர் கூட இருந்து, 'பூனைக்கு வலித்திருக்கும் இல்லையா?' என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி படத்தையே பாடமாக்கிவிடும். ஆச்சி, தாத்தா இருக்கும் வீடுகளில் கதை சொல்லும் பொறுப்பை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

பிடுங்கினால் மட்டும் போதாது. மாற்று ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும். ஆகவே இக்கூட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஆலய மண்டபத்தின் வராந்தாவையும் முற்றத்தையும் நாள்தோறும் மாலை ஐந்து முதல் ஆறரை வரை, எச்சமயத்துப் பிள்ளையானாலும், சிறுவர்க்குத் திறந்துவிடுவோம். இளைஞர் மன்றத்தார் இருவர், பெரியவர் ஒருவர் என முறை வைத்துக் காவல் இருக்கட்டும். பல்லாங்குழியும் பாண்டியும் களிமண்ணும் போதும். பீடி சுற்றும் தாய்க்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பிள்ளைக்குப் பேச ஆள் கிடைக்கும். ஜூபிலி நினைவாகக் கல்லில் பெயர் பொறிப்பதோடு, இந்தக் காரியத்தையும் செய்து முடிப்போமாக! இசைவு உள்ளவர்கள் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.