வளரும் பெண்பிள்ளைகளின் சொல்லும் சபையேறட்டும்
(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பெண்பிள்ளைகளுக்கென்று தையல் வகுப்பு, தியானம், பாட்டுப் போட்டி எனப் பல ஏற்பாடுகள் செய்கிறோம். பிள்ளைகள் வருவதில்லையே என்று பிறகு குறைப்படுகிறோம். நாள் குறித்த கூட்டத்தில் அவர்களில் ஒருத்தியாவது இருந்தாளா? இரவு ஏழு மணிக்குக் கூட்டம் முடிந்தால், இருட்டில் யார் துணையோடு வீடு திரும்புவது என்ற கவலை அவளுக்கல்லவா தெரியும்?

“சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?” என்பீர்கள். அரசர்கள் இரண்டாம் நூலின் 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தொழுநோயுற்ற படைத்தலைவன் நாமானுக்கு வழி சொன்னவள், சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமி, வீட்டு வேலைக்காரி. அவள் சொல்லைத் தள்ளிவிடாமல் அரசன் வரை கொண்டுபோனதால்தான் நாமான் சுகமடைந்தான்.

பெல்ஜியம் நாட்டு அருட்தந்தை கார்டின், 1912இல் லாக்கன் பங்கில் பணியேற்றபோது, உழைக்கும் இளம்பெண்களைக் கூட்டி, அவர்களுடைய வாழ்க்கை நிலையை அவர்களே ஆராயும்படி பழக்கினார். பார், தீர்மானி, செயல்படு என்ற அவரது முறை, 1925இல் உருவான இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. இளைஞர் பணியை நடத்துவோர் இளைஞரே என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2019இல் தமது ‘கிறிஸ்து வாழ்கிறார்’ மடலில் வலியுறுத்தினார்.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, 13 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகள், நம்பிக்கைக்குரிய ஒரு சகோதரியோடு தனியே அமர்ந்து, மனம்விட்டுப் பேசட்டும். இரண்டாவது, அவர்களே தேர்ந்தெடுக்கும் இருவர் இளைஞர் குழுவில் இடம்பெறட்டும். தேநீர் கொடுக்க அல்ல, வாக்களிக்க. மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சியை, வரவு செலவுக் கணக்கோடு, அவர்கள் பொறுப்பிலேயே விடுவோம். தவறினால் உடனிருந்து திருத்துவோம்.

அவர்கள் கேட்பதையெல்லாம் செய்ய இயலாது. இயலாததற்குக் காரணம் சொல்லுவோம். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டால், மறுமுறை அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

நம் முன்னோர் கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய ஆலயம் இது. அடுத்த ஜூபிலியை நடத்தப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகளே. அவர்களுக்கு இன்றே இதில் உரிமையான ஓர் இருக்கை தருவோம். இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக!