விளக்கொளியும் லென்ஸும்



2017-ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியர் பதவியினின்றும் ஓய்வு பெற்றேன். கைக்கு வந்த பணத்தில் வீட்டுக் கடனை அடைத்தது போக மிஞ்சியதைக் கொண்டு ஒரு காமிரா வாங்கினேன். இந்த வயதில் இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுக் காலம் ஒவ்வோர் ஆண்டு விழாப் படத்திலும் நடு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு, ஒரு முறையாவது காமிராவின் பின்புறம் நிற்க வேண்டுமென்ற ஆசை இருக்கக்கூடாதா? அதையே பதிலாகச் சொன்னேன்.

கடைக்காரர் காமிராவோடு ஒரு லென்ஸையும் சேர்த்தே கொடுத்தார். 18 மில்லிமீட்டர் முதல் 55 மில்லிமீட்டர் வரை, வேண்டியபடி திருகி மாற்றிக்கொள்ளத்தக்க ஜூம் லென்ஸ் அது. பகலில் அதனால் எனக்கு ஒரு குறையும் நேரவில்லை. வயலும் வாய்க்காலும் கோபுரமும் பேரப்பிள்ளையும் மிகத் தெளிவாக விழுந்தன. குறை இரவில்தான் வெளிப்பட்டது.

செய்யாற்றுப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பல இரவுகள் பாரதக் கூத்து நடைபெறும். அந்தக் கூத்தின் வாத்தியார் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர். பிறகு அவர் காலில் சலங்கை கட்டிக்கொண்டு போய்விட்டார்; நான் சாக்கட்டியைப் பிடித்தேன். கூத்தில் குழுவின் தலைவரை வாத்தியார் என்பதுதான் வழக்கம். ஆகவே, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் 'வாத்தியாரே' என்றே அழைத்துக்கொள்வோம். 2018-ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு முன்பு அவர் என்னிடம் வந்து, "முழங்கால் தாங்கவில்லை, இந்த வருஷத்தோடு கர்ண வேஷத்தை விட்டுவிடப்போகிறேன். நாலு படம் எடுத்து வை, வாத்தியாரே" என்றார்.

நானூறு படம் எடுத்தேன். முதலில் காமிராவின் மேலே உள்ள பிளாஷ் விளக்கைப் போட்டேன். திரைக்குப் பின்னிருந்தே அவர் குரல் கொடுத்தார்: "அந்த மின்னலைப் பையில் போடு, கர்ணனுக்குக் கண் கூசுகிறது." அவர் சொன்னது நியாயமே. பிளாஷின் வெள்ளை வெளிச்சத்தில் அரிதாரத்தின் நிறம் வெளிறிப்போய், கட்டைக் கிரீடத்தின் பளபளப்பும் தட்டையாகி, முதுகுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டியது போன்ற இருட்டுத்தான் மிஞ்சியிருந்தது. அதை அணைத்துவிட்டு, இரண்டு குழல் விளக்குகளின் வெளிச்சத்திலேயே எடுத்தேன். மறுநாள் பார்த்தால், பொன்னுருவியிடம் விடைபெற்றுக்கொண்டு அவர் அசையாமல் நின்ற படங்கள் ஐந்தாறு தேறின. சுழன்று ஆடிய படங்களிலெல்லாம் கர்ணனுக்கு முகமே இல்லை. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கோடு மட்டுமே இருந்தது. நானூறில் ஐந்தாறு! இந்த விழுக்காடு தேர்ச்சி பெற்றிருந்தால் என்னை எந்தப் பள்ளியிலும் வைத்திருக்கமாட்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கண்டறிய முயன்றதன் பயனே இன்றைய பேச்சு.

லென்ஸின் நடுவில் ஒளி புகும் துவாரம் ஒன்று உண்டு. லென்ஸின் குவியத் தூரத்தை அத்துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவையே எஃப் எண் என்று சொல்லுகிறார்கள். வகுக்கும் எண் பெரிதானால் ஈவு சிறுக்கும் அல்லவா? ஆகையால் எஃப் எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது என்று கொள்ள வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். என்னுடைய ஜூம் லென்ஸை 18-இல் வைத்தால் எஃப் 3.5 கிடைக்கும், முகத்தை நெருங்கிப் பார்க்க வேண்டி 55-க்குத் திருகினால் அது எஃப் 5.6 ஆகிவிடும். கிட்டே போகப் போகக் கதவு சாத்திக்கொள்ளும் வீடு போன்றது அது.

மாறாத ஒரே குவியத் தூரமுடைய லென்ஸைப் பிரைம் லென்ஸ் என்பர். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 என்பது அவ்வகையில் எல்லோரும் வாங்கக்கூடிய எளிய லென்ஸ். ஐந்தரைக்கும் ஒன்றேமுக்காலுக்கும் அவ்வளவு பெரிய வித்தியாசமா என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை எட்டாம் வகுப்பில் படித்தோம். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்; ஒன்பதரைக்கு மேல் வருகிறது. அஃதாவது, சிறிய லென்ஸ் ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகிறது. அன்றிரவு ஐ.எஸ்.ஓ. 1600 என்னும் உணர்திறனில் என் காமிரா 1/20 வினாடி திறந்திருந்தது. அதே வெளிச்சத்தில் எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் ஏறக்குறைய 1/200 வினாடி போதும். சுழலும் மனிதன் 1/20 வினாடியில் எவ்வளவு தூரம் நகர்ந்துவிடுகிறான் என்பதை என் படங்களே காட்டின.

அப்படியானால் ஜூம் லென்ஸையும் அதே அகலத் துவாரத்தோடு செய்வதற்கென்ன என்று கேட்கலாம். செய்கிறார்கள், ஆனால், அதன் எடையும் விலையும் வேறு. 200 மில்லிமீட்டர் வரை நீளும் ஒரு ஜூம் லென்ஸ் எஃப் 2.8 தர வேண்டுமானால் அதன் துவாரம் 71 மில்லிமீட்டர் அகலம் காட்ட வேண்டும். முன்கண்ணாடி அதற்கும் பெரிதாக இருக்க வேண்டும். அத்தகைய லென்ஸ்கள் ஒன்றரைக் கிலோ அளவுக்கு நிறுக்கின்றன. என்னுடைய 50 மில்லிமீட்டர் லென்ஸோ சட்டைப் பையில் அடங்கும். மேலும், ஒரே குவியத் தூரத்துக்கு மட்டும் குறைகளைத் திருத்துவது ஆறு கண்ணாடி வில்லைகளால் முடிகிற காரியம். ஒவ்வொரு குவியத் தூரத்திலும் திருத்த வேண்டுமென்றால் இன்னும் பல வில்லைகளை அடுக்க நேரிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தி. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பங்கு பிரதிபலித்துத் திரும்பிவிடுகிறது. இருபது பரப்புகளைக் கடந்து செல்லும் ஒளியில் பாதிக்கும் குறைவாகவே மறுபுறம் போய்ச் சேரும். 1935-இல் ஜெர்மனியில் ஸைஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மக்குலா என்பவர் இப்பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு முறையைக் கண்டார். அப்பூச்சு இல்லாவிட்டால் பல வில்லைகளையுடைய ஜூம் லென்ஸ் பயன்பாட்டுக்கு வந்திருத்தல் அரிது. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் காமிராவுக்கான முதல் ஜூம் லென்ஸ், ஜூமார் என்னும் பெயருடன் 1959-இல்தான் கடைக்கு வந்தது. 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை, எஃப் 2.8.

குறைந்த ஒளியைப் பிடிக்கும் முயற்சியோ அதற்கு மிகவும் முற்பட்டது. 1924-இல் எர்மனாக்ஸ் என்ற சிறு காமிரா ஜெர்மனியில் வெளிவந்தது. லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த எர்னோஸ்டார் லென்ஸ் அதில் இருந்தது. முதலில் எஃப் 2, பின்னர் எஃப் 1.8. மற்றப் பத்திரிகைக்காரர்களெல்லாம் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி அறை முழுதும் புகையை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில், சட்டம் பயின்ற எரிக் சாலமன் 1928 முதல் இந்தக் காமிராவோடு அரசியல் மகாநாடுகளுக்குள் சென்று, அமைச்சர்கள் அறியாவண்ணம் அறை விளக்கின் ஒளியிலேயே படமெடுத்தார். நள்ளிரவில் சோர்ந்து நாற்காலியில் சாய்ந்துகிடக்கும் பெரிய மனிதர்களை உலகம் முதன்முதலாக அவர் படங்களில்தான் கண்டது. யூதராய்ப் பிறந்த அவர் 1944-இல் ஔஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவருடைய படங்களை நான் பார்க்கும்போதெல்லாம், ஒளியின் அளவைவிட, ஒளியைத் தொந்தரவு செய்யாத பண்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எங்கள் கூத்து வாத்தியார் கேட்டதும் அதைத்தானே?

சரி, பிரைம் லென்ஸ் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. நானும் அப்படித்தான் நினைத்து வாங்கினேன். முதல் மாதம் எடுத்த படங்களில் பாதி வேறொரு விதமாகக் கெட்டன. துவாரத்தை அகலத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடும். என்னுடைய சிறிய உணர்தகடுள்ள காமிராவில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் உள்ள முகத்தை எஃப் 1.8-இல் எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஆறு ஏழு சென்டிமீட்டர்தான் தெளிவாக இருக்கும். கண் தெளிந்தால் காது மங்கும். மூக்கின் நுனியில் குவித்துவிட்டால் கண்ணே மங்கும். இரண்டாவது சங்கடம் குழல் விளக்கினால் வந்தது. பழைய சோக்கு வைத்த குழல் விளக்கு நம் நாட்டு மின்சாரத்தில் வினாடிக்கு நூறு முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்கு அது தெரியாது. 1/200 வினாடியில் எடுக்கும் காமிராவுக்குத் தெரியும். ஒரு படம் வெளுத்தும் அடுத்தது பழுப்பாகவும் வரும். அத்தகைய விளக்கின் கீழ் 1/100 வினாடியோடு நின்றுகொள்வது நலம். துவாரத்தைச் சற்றே குறைத்து எஃப் 2-இல் வைத்துக்கொள்வதும் நல்லது.

ஜூம் லென்ஸைக் குறைகூறுவதும் என் நோக்கமன்று. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் ஒரு நிமிஷம்கூட இராது. மணமேடையைச் சுற்றி உறவினர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது நான் பின்னுக்குப் போகிறேன், முன்னுக்கு வருகிறேன் என்றால் யார் வழிவிடுவார்கள்? அங்கே எஃப் 2.8 ஜூமே ஏற்றது. அதற்கும் எஃப் 1.8-க்கும் ஒளியில் இரண்டரை மடங்குக்கும் குறைந்த வித்தியாசமே உண்டு. இன்றைய காமிராவில் உணர்திறனை 1600-இலிருந்து 4000-க்கு உயர்த்தி அதை ஈடுசெய்துவிடலாம். படத்தில் கொஞ்சம் மணல் தூவியது போலத் தோன்றும், அவ்வளவே. ஆனால், அந்த லென்ஸின் விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் பிரைம் லென்ஸ் கிடைத்துவிடும். படமெடுத்துச் சம்பாதிப்பவர் அதை வாங்கட்டும், ஓய்வூதியக்காரனுக்கு வேண்டியதில்லை.

இருண்ட மண்டபத்துச் சிற்பங்களை எடுப்பவருக்கும் பிரைம் லென்ஸ் அவசியமில்லை. கல் ஆடாது, ஆடுவது நம் கைதான். கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஏற்பாடு 1995-இல் கேனன் கம்பெனியின் ஜூம் லென்ஸ் ஒன்றில் வந்தது. இப்போது எளிய ஜூம் லென்ஸ்களிலும் அது இருக்கிறது. அதைக் கொண்டு 1/10 வினாடியிலும் தூணைத் தெளிவாக எடுக்கலாம். ஆனால், அவ்வேற்பாடு நம் கையைத்தான் நிறுத்தும், கர்ணனை நிறுத்தாது. இதனைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் ஜூம் லென்ஸால் எடுத்த ஒவ்வொரு படத்தோடும் அது எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு பதிவாகியிருக்கும். மாலைக்குமேல் எடுத்த நூறு படங்களில் அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக் கூடத்திலேயே பெரும்பாலும் எடுப்பவர்க்கு 35-ஐ ஒட்டி வரும். முகங்களைத் தேடுகிறவர்க்கு 50-ஐ ஒட்டி வரும். எந்த எண் மிகுதியோ அந்தப் பிரைமை வாங்கலாம். எண்கள் எங்கும் சிதறிக் கிடந்தால் பணத்தைச் சிறிது காலம் பையிலேயே வைத்திருங்கள்.

2019-ஆம் ஆண்டுத் திருவிழாவில் வாத்தியார் வேஷம் கட்டவில்லை, மகனுக்குக் கட்டிவிட்டார். வேஷக் கொட்டகையில் ஒற்றைப் பல்பின் கீழ், மகனுடைய நெற்றியில் அவர் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது எடுத்தேன். எஃப் 2, 1/100 வினாடி. இருவருக்கும் நான் அங்கிருப்பதே தெரியவில்லை. அந்தப் படம் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறது. பக்கத்திலேயே, முகமில்லாத சிவப்பு மஞ்சள் கோட்டையும் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். நான் வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

நோய்த்தொற்றினால் 2020-இல் திருவிழா நின்றது. 2022-இல் மறுபடியும் திரை பிடித்தார்கள். பதினெட்டாம் போர் இரவுக்கு இரண்டு லென்ஸையும் கொண்டுபோனேன். இரவு முழுவதும் ஜூம் லென்ஸ் பையை விட்டு வெளியே வரவில்லை. விடிந்து, வெயில் ஏறி, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் கண்ணுக்குத் தெரிந்தது. தலையிலிருந்து கால்வரை அவ்வளவு பெரிய உருவம் 50 மில்லிமீட்டரில் அடங்கவில்லை. பின்னால் நகரவும் கூட்டத்தில் இடமில்லை. பையிலிருந்து ஜூம் லென்ஸை எடுத்து மாட்டி, 18-க்குத் திருகினேன்.